மேட்டுக் குடியிருப்பின் நாற்பத்து மூன்று சந்துகள்

எங்கள் வரைபடக் குழுவில் என் நாத்தனாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதத்தோடு குடிநீர் அலுவலகத்தில் அவருக்கு வேலை முடிகிறது. அன்றைக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். "ஒரே வீட்டுல இருக்கீங்க, உங்களைவிட அவங்களைத் தெரிஞ்சவங்க யாரு?" என்றார் குழுவை நடத்தும் கணக்கு வாத்தியார். நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டே கேட்கிறார். அவருக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம். நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் வயிற்றெரிச்சல்தான் முதலில் வருகிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் அவர். நான் அண்ணி என்பேன், ஊர் மீட்டர் அக்கா என்னும். இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "ஒரு நாளைக்கு நூத்தம்பது வீட்டைப் பாக்கறேன், எதுலயும் போய் இருக்கலாம்னு தோணலயே" என்பார். எங்கள் மாடி அறையில் இருக்கிறார். காலை ஆறரைக்கு இறங்கும்போது தோளில் பை, கையில் மீட்டர்க் குழியின் மூடியைத் தூக்குகிற இரும்புக் கொக்கி, காதில் செருகிய பென்சில். இடது முழங்கால் சரியாக மடங்காது. படிக்குப் படி நின்று நின்று இறங்குவார். அந்தச் சத்தம் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்து ஓடிப்போய்ப் பால் சூடு பண்ணுவார். எனக்கு அவர் சூடு பண்ணிக் கொடுத்ததாக நினைவில்லை.

எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டு வாலாட்டும், எது வாலாட்டிவிட்டுக் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் மீட்டர் மேல் பூந்தொட்டியை வைத்து மறைப்பார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைத்தெருவில் அவரோடு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார்கள். பக்கத்தில் நான் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். "இது யாரு?" என்று கேட்பார்கள். "என் தம்பி பொண்டாட்டி" என்பார். பதினைந்து வருஷமாக அதே ஊரில் நானும் கடை வைத்திருக்கிறேன் ஐயா!

என்னுடையது ஜெராக்ஸ் கடை. கட்டடப் படங்களைப் பெரிய தாளில் அச்சடித்தும் கொடுப்போம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஈ ஓட்டவேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் திறந்த வரைபடத்தில் இறங்கினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஊர்க்காரர்களே கணினியில் சேர்ந்து வரைகிற வரைபடம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். கீழே ஒரு ஓரத்தில் "வரைந்தவர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி போட வேண்டும். அதில் தன் பங்குக்கு எதையாவது சேர்த்துப் புதிதாக ஒன்று செய்தால், அதையும் இதே மாதிரி எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் எடுப்பவர்களுக்கு. போடுபவர்களுக்கு ஒரே சட்டம்தான்: பிறர் உரிமை வைத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்து ஒரு கோடுகூடப் போடக் கூடாது. கண்ணால் பார்த்ததை, காலால் நடந்ததை, அனுமதி தந்திருக்கும் வான்படத்தில் தெரிவதை மட்டும்தான் போடலாம்.

நான் வான்படத்தை வைத்துக்கொண்டு ஊரையே வரைந்தேன். மேலிருந்து எடுத்த படத்தில் கூரையும் தெருவும் தெரியும். கோடு போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். குழுவில் முதல் ஒரு வருஷம் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிறகு அண்ணி வந்து, "எனக்கும் சொல்லிக் குடேன்" என்றார். சொல்லிக்கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வான்படத்தில் கூரைதான் தெரியும். கதவு எண் தெரியுமா? தெருப் பெயர் தெரியுமா? அண்ணிக்கு அது நடக்கிற வழியில் கிடைக்கிற சரக்கு. மீட்டர் பார்த்துக்கொண்டே சின்ன நோட்டில் கதவு எண், பின்வாசல், படிக்கட்டு எல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார். கணினியில் தட்டத் தெரியாது. சாயங்காலம் கடைக்கு வந்து நோட்டை நீட்டுவார். அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவர் வாசிக்க வாசிக்க நான்தான் ஏற்றுவேன். விரல் என்னுடையது, பெயர் அவருடையது. மாதம் முதல் சனிக்கிழமை நூலக மாடியில் கூட்டம். அந்த மாதம் அதிகம் சேர்த்தவர் யார் என்று திரையில் போடுவார்கள். ஆறு மாதத்தில் அண்ணி என்னைத் தாண்டினார். அதற்கப்புறம் நான் அவர் நிழலைக்கூடப் பிடிக்கவில்லை. எல்லாரும் கை கொடுப்பார்கள். அண்ணி, "இதுல என்ன இருக்கு, நடக்கறதுதானே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் காதில் புகை வரும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் மேட்டில் புதுக் குடியிருப்பு ஒன்று வந்தது. நாற்பத்து மூன்று சந்துகள். வான்படம் பழையது, அதில் வெறும் மேடுதான் இருந்தது. அடுத்த மாதம் அண்ணியின் மீட்டர் வேலை அந்தப் பக்கம் மாறுகிறது என்று தெரிந்தது. அதாவது அதையும் அவர் அள்ளிக்கொண்டு போகப் போகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. என் கடையிலேயே விற்பனைக்கு வைத்திருந்த தெருக்கையேடு ஒன்று, ஒரு பதிப்பகம் போடுவது, அதில் மேட்டுக் குடியிருப்பு புத்தம் புதிதாக, சந்துப் பெயர் சகிதம் இருந்தது. பின்னட்டையில் "பார்த்து வரையக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்று மதியம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பத்து மூன்றையும் வரைந்து பெயர் போட்டேன். கண் வலித்தது, இடுப்பு ஒடிந்தது. மனசு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

சனிக்கிழமை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். திரையில் மேட்டுக் குடியிருப்பு வந்தது. அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்தேன். வாத்தியார் பெயரைப் படித்தார். அண்ணியின் பெயர்!

நான் வரைய உட்கார்ந்ததற்கு முந்தின சாயங்காலம் அவர் நோட்டை ஏற்றியபோது திறந்த கணக்கை நான் மூடவே இல்லை. மூன்று நாளும் அவர் கணக்கிலேயே உட்கார்ந்து திருடியிருக்கிறேன். இப்படி ஒரு கூறுகெட்டவள் உலகத்தில் உண்டா? எழுந்து நின்றவள் என்ன செய்வது என்று தெரியாமல் நானும் கை தட்டினேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "நான் போடல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி நின்றார். வீட்டுக்கு வரும் வழியிலும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பேன்?

அடுத்த இரண்டு வருஷமும் அண்ணி அந்த மேட்டில் ஏறி இறங்கினார். நான் வரைந்த சந்துகளில் ஒவ்வொரு கதவாகக் கொண்டுவந்து மாட்டினார். இரண்டாயிரத்துச் சொச்சம் கதவுகள். ஒவ்வொன்றின் முகவரியிலும் நான் கையேட்டிலிருந்து எடுத்த சந்துப் பெயர். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் அலுவலகம் ஒன்று, அதை வைத்து வழிப்புத்தகம் ஒன்று அச்சடித்தது. முதல் பக்கத்தில் நன்றி வரி. அந்த அலுவலகத்து நர்ஸ் மேடம் கூட்டத்துக்கே வந்து அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. வாத்தியார் அதைக் கூட்டத்தில் படித்தார். மேட்டுக் குடியிருப்பில் முப்பத்தேழு சந்துகளில்தான் பெயர்ப் பலகை உண்டு. மீதி ஆறில் பலகையே கிடையாது. கட்டியவர்கள் பெயரே வைக்கவில்லை. கையேட்டை வரைந்தவர், சும்மா விட வேண்டாம் என்று தானாக ஆறு பறவைப் பெயரைப் போட்டுவிட்டார். மைனா, கொக்கு, நாரை, சிட்டு, குயில், ஆந்தை. அந்தப் பெயர்கள் எங்கள் கையேட்டைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது, உங்கள் வரைபடத்துக்கு எப்படி வந்தன என்று கேட்டிருந்தார்கள்.

கையில் இருந்த டம்ளரை மேசையில் வைத்தேன்.

"அக்கா, இது உங்க கணக்குல இருக்கு" என்றார் வாத்தியார். "நீங்க போட்டதா?"

அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான்தான் போட்டேன்."

"அந்த ஆறு பேரு எங்கருந்து வந்துச்சு?"

"பலகை இல்ல. வாய்க்கு வந்த பேரை வச்சேன்."

"அதே ஆறு பறவை, அதே வரிசையிலயா?"

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அதைச் சொல்லவே பிடிக்கவில்லை, ஆனால் சொன்னார். நாற்பத்து மூன்று சந்துகளும் போக வேண்டும். அவற்றின் மேல் கட்டியது எல்லாமும் போக வேண்டும். கதவுகளில் எது கண்ணால் பார்த்தது, எது புத்தகத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்று பிரிக்க முடியாது. நர்ஸ்களின் வழிப்புத்தகமும் அதிலிருந்து பிறந்ததுதான், அதையும் திரும்ப வாங்க வேண்டும். அதோடு முடியவில்லை. பார்த்து வரைந்ததாக ஒரு கணக்குக்காரர் ஒப்புக்கொண்டால், அந்தக் கணக்கில் இருப்பது எதையும் நம்ப முடியாது. அண்ணி ஏழு வருஷமாகச் சேர்த்த பதினோராயிரம் கதவுகளையும் எடுத்துவிட்டு, கணக்கை மூட வேண்டும்.

"எல்லாமேவா?" என்றார் அண்ணி.

"வேற வழி தெரியலக்கா."

அன்றைக்கும் கூட்டத்துக்கு வந்திருந்த நர்ஸ் மேடம், "ஐயோ, எங்க பொண்ணுங்க ஊர் பூரா இதை வச்சுத்தானே போறாங்க" என்றார்.

இந்த இடத்தில் என் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய் எழுத மாட்டேன். எனக்கு வந்தது கோபம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாராம்! நாளைக்கு எப்படியாவது உண்மை வெளியே வரும். அப்போது ஊர் என்ன சொல்லும்? "தம்பி பொண்டாட்டிக்காக ஏழு வருஷ உழைப்பையே விட்டுக்கொடுத்த மகராசி" என்று சொல்லும். அதுவும் அவர் கணக்கில் போய்ச் சேரும். நான் கஷ்டப்பட்டுப் போட்ட கோடு அவர் பெயரில், கை தட்டல் அவர் பெயரில், இப்போது என் திருட்டும் அவர் பெயரிலா? அதையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?

"அது நான் போட்டது" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அண்ணி திரும்பி, "உக்காருடி" என்றார்.

"நான் எதுக்கு உக்காரணும்? கையேட்டை மடியில வச்சுக்கிட்டு மூணு மதியம் உக்காந்து நான் போட்டேன். இவங்க அப்ப ஊருக்கு அந்தக் கோடியில மீட்டர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இவங்க கணக்கு என் கடையில திறந்து கெடந்துச்சு, அவ்வளவுதான். இவங்களுக்கு ஒரு கோடு ஒழுங்கா இழுக்க வருமா, கேட்டுப் பாருங்க!"

வாத்தியார் கணினியில் நேரத்தைப் பார்த்தார். மூன்று நாளும் மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில். குடிநீர் அலுவலகத்தில் விசாரித்தால், அதே நேரத்தில் அண்ணி வேறெங்கோ மீட்டர் குறித்திருப்பது தெரிந்துவிடும். விசாரித்தார்கள், தெரிந்தது. என் கணக்கை ஒரு வருஷத்துக்கு மூடினார்கள். காரணத்தோடு என் பெயரைப் போட்டு எல்லாரும் பார்க்கும்படி எழுதிவைத்தார்கள். பதிப்பகத்துக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நர்ஸ்கள் பழையபடி வழி கேட்டுக் கேட்டு மேட்டில் ஏறினார்கள். அண்ணியின் மற்ற கதவுகள் தப்பித்தன. மேட்டுக் குடியிருப்பு மட்டும் திரையில் துடைத்துப் போட்ட மாதிரி வெள்ளையாகிவிட்டது.

அண்ணி ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழித்தார். "உப்பு வேணுமான்னு அக்காவைக் கேளு" என்று என்னிடம் சொல்வார். நான் கேட்க மாட்டேன். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் படியில் அந்தச் சத்தம் கேட்டது. "செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்றார். எங்கே என்று கேட்கவில்லை, போனேன்.

அன்றைக்கு மேட்டில் எட்டுச் சந்துகள் நடந்தோம். பலகை இருந்தால் பலகையைப் பார்த்து, இல்லாவிட்டால் பெயர் இல்லை என்று எழுதினோம். அவர் கதவு எண்ணைச் சொல்லுவார், நான் நோட்டில் குறிப்பேன். நண்பகலில் ஒரு வீட்டு வெளிச்சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அவர் மறுபடி இந்த மேட்டில் ஏறுவது என்னால்தான்.

"என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு தெரியும் அண்ணி" என்றேன். "நான் அதுக்குக்கூட உங்க மேல எரிஞ்சு விழுந்தேன்."

"உன்னைக் காப்பாத்தவா?" அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அட போடி. அன்னைக்கு அத்தனை பேரு எழுந்து நின்னு கை தட்டினாங்க. இத்தனை வருஷ வேலையில எனக்கு யாரு எழுந்து நின்னாங்க? நான் போடலன்னு சொன்னா அதைத் திருப்பிக் குடுக்கணுமே. மனசு வரல. இந்த ஆறு சந்துல பலகை இல்லன்னு மொத நாளே பாத்துட்டேன். உங்கிட்ட கேட்டா நான் போடலங்கறது வெளிய வந்துரும்னு வாயை மூடிக்கிட்டேன். கடைசில, பதினோராயிரம் கதவு போகுதுன்னு சொல்றாரு, அப்பவும் அந்த நாப்பத்து மூணை விட முடியல. பைத்தியக்காரி மாதிரி நின்னேன்."

இத்தனை நாளாக நான் மகராசி என்று நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தவர், என்னுடையது என்று தெரிந்தே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்!

"நான் போட்டதுன்னு தெரிஞ்சுமா?"

"நீ போட்டதுன்னு தெரிஞ்சதாலதான்" என்றார். "நீ மொத மொதல்ல கடையில அந்தப் படத்தைக் காட்டினியே, ஞாபகம் இருக்கா? இருபது வருஷம் நான் கால் தேய நடந்த தெருவெல்லாம். நாற்காலியை விட்டு எழுந்திருக்காம ஒரு மதியத்துல கோடு போட்டு முடிச்சிருந்த. தப்பும் இல்ல. மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்."

நான் நோட்டை மூடி மடியில் வைத்தேன்.

"உனக்கு எம்மேல வயித்தெரிச்சல் எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ஏழு வருஷமா அண்ணி."

"எனக்கு எட்டு."

அதிலும் அவர்தான் முந்தி. அவர் கையை நீட்டினார், பிடித்துத் தூக்கிவிட்டேன். அடுத்த வாசலுக்குப் போய் எண்ணைச் சொன்னார், எழுதினேன்.